ஆள் உண்டு என்று எழுதியவர்

எங்கள் தொழிற்சாலையில் கைபேசியை வாசலிலேயே வாங்கி ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதனால் ஊர் உலகத்தில் எது நடந்தாலும் எனக்குப் பிற்பகல் இரண்டரை மணிக்குத்தான் தெரியவரும். அன்று முதல் ஷிப்ட் முடிந்து பெட்டியைத் திறந்தபோது நண்பன் மஞ்சுநாத் பதினேழு முறை அழைத்திருந்தான். திரும்ப அழைத்தேன். அத்திப்பள்ளிக்காரன், பதற்றம் வந்தால் கன்னடத்தில்தான் பேசுவான். “முருகேசா, குணா அண்ணா ஹோக்பிட்ரு கணோ” என்றான். பிறகு தமிழில், “அண்ணா போயிட்டாருடா. காலைல ஏழு மணிக்கு, ஆஸ்பத்திரிலயே. ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீ எங்க இருக்க?” என்று கேட்டான்.

சீருடையைக்கூட மாற்றாமல் பேருந்து ஏறினேன். கிருஷ்ணகிரியில் இறங்கி இன்னொரு பேருந்து பிடித்து அவர் ஊரான காவேரிப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆற்றங்கரையிலிருந்து குளித்துவிட்டு ஈரத் துண்டுடன் திரும்பிவந்தவர்களில் ஒருவர், “ஓசூர்ல இருந்து வர்றீங்களா? அரை மணி நேரம் முன்னால வந்திருந்தா மொகத்தப் பாத்திருக்கலாம்” என்றார். அந்த அரை மணி நேரத்தை நான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

குணசேகரனை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லாரி ஆட்ட வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் நாம் எல்லோரும் அவர் சேர்த்துவிட்டவர்கள்தான். ஆனாலும் குழுவுக்கு வெளியே யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர் தொழிற்பேட்டையில் என் தொழிற்சாலைக்கு எதிர்ச்சாரியில் தர ஆய்வாளராக இருந்தார். நாள் முழுதும் நின்றுகொண்டு, வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, தேறாததை ஒதுக்கி வைப்பது வேலை. எனக்குப் பத்து வயது மூத்தவர். இந்தப் பக்கத்துக்காரர்கள் அவரை அண்ணா என்றார்கள், விருதுநகர்க்காரனான நான் அண்ணே என்றேன். அவர் போவதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. குழுவில் எல்லோர் முன்னாலும் அவரை நான் அவமானப்படுத்தியதுதான் காரணம். நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஓவர்டைம் வந்தது. இந்த அஞ்சலியை நான் எழுதுவதே, கேட்காமல் விட்டதை உங்கள் முன்னால் கேட்பதற்காகத்தான்.

கணினியில் ஆடும் அந்த ஆட்டத்தின் ஆங்கிலப் பெயர் நம் யார் வாயிலும் நுழையவில்லை. லாரி ஆட்டம் என்றோம். லாரி ஓட்டுவதைவிட அதில் முக்கியமானது, ஆடுகிறவர்களே ஓர் அறையைத் திறந்து அதற்குள் சாலை போடலாம் என்பது. நாம் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை போட்டோம். சூளகிரி மலை வந்தது, மாங்காய் மண்டி வந்தது. அஞ்செட்டி மலைப்பாதையைக் குணா அண்ணே தனியாகப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே அங்கே பேருந்தில் போய், எந்த வளைவில் ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்தார். திரும்பி வர பேருந்து கிடைக்காமல் பால் வண்டியில் ஏறி வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். மல்லிகா அண்ணி, “பொண்டாட்டிய கூட்டிட்டுப் போவாத ஊருக்கெல்லாம் லாரிக்காகப் போறாருப்பா” என்று என்னிடம் முறையிட்டார்.

ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. ஓர் அறையில் ஒரு மணி நேரம் யாருமே இல்லையென்றால் கம்பெனி அதை அழித்துவிடும். இதைக் கேட்டு மற்ற ஊர் ரசிகர்கள் சலித்துக்கொண்டபோது அண்ணே சிரித்தார். “இதுல என்னாப்பா கஷ்டம்? மூணு ஷிப்ட் ஓட்டறவங்கதான நாம” என்றார். தொழிற்சாலையில் எப்படி அடுத்த ஷிப்ட்காரர் வந்து மெஷினில் கை வைக்காமல் நாம் நகர்வதில்லையோ, அப்படியே அறையையும் மாற்றிவிட ஏற்பாடு செய்தார். பன்னிரண்டு பேருக்கும் முறை போட்டார். ஷிப்ட் மாற மாற முறையும் மாறியதால் பட்டியல் அவருடைய நோட்டில் மட்டும் இருந்தது. அவரவர் முறை அவரவருக்கு மட்டும் தெரியும். அறைக்குள் நுழைந்தவர் குழுவில் “ஆள் உண்டு” என்று எழுத வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் முன்னவர் வெளியேறலாம். இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் அந்த அறை ஒரு மணி நேரம்கூடக் காலியாக இருந்ததில்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதிலும் ஒரு நாள் தவறியது. ஆயுத பூஜை அன்று. நாமெல்லாம் மெஷினோடு பிழைக்கிறவர்கள். அன்று ஸ்பேனரைக்கூடத் தொடமாட்டோம். காலையில் தொழிற்சாலையில் பூஜை போட்டுப் பொரி கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கணினியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, கைபேசியை அதன் பக்கத்தில் படுக்கவைத்துக் கும்பிட்டுவிட்டு நல்ல பிள்ளையாகத் தூங்கினேன். அநேகமாக நீங்களும் அதையே செய்திருப்பீர்கள், “ஆள் உண்டு” வருகிறதா என்று பார்க்கக்கூட அன்று யாரும் கைபேசியைத் தொட்டிருக்கமாட்டோம். மறுநாள் காலை குங்குமத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போனால் ஓசூர் இல்லை. சூளகிரி இல்லை. அஞ்செட்டி வளைவுகளில் ஒன்றுகூட இல்லை.

யாருடைய முறையில் தவறியது என்று குழுவில் பெரிய ரகளை நடந்தது ஞாபகம் இருக்கும். அண்ணே பட்டியலைக் காட்டவில்லை. “பூஜை போட்டது தப்பில்லப்பா. ஆள மாத்தி விடாம பூஜை போட்டதுதான் தப்பு. எல்லார் மேலயும் இருக்குது” என்று எழுதி முடித்துவிட்டார். கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார். உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியமானது என்று ஓர் இயந்திரம் பதில் போட்டது. பிறகு முதல் வளைவிலிருந்து மறுபடி சாலை போடத் தொடங்கினார். என்னை அழைத்து, “சூளகிரி பக்கம் நீ போடு முருகேசு” என்று மட்டும் சொன்னார். நண்பர்களே, அன்று தவறியது என் முறை. அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது.

பிறகு, ஆட்டத்தை உருவாக்கியவர்களிடமிருந்து அதை வாங்கியிருந்த பெரிய கம்பெனி, லாபம் இல்லை என்று ஆட்டத்தையே மூடியது. கடைசி நாள் எல்லோரும் லீவு போட்டுவிட்டு, பகல் பதினொன்றரை மணிக்குப் பன்னிரண்டு லாரிகளையும் கிருஷ்ணகிரி புறவழிச்சாலையில் வரிசையாக நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தோம். திரை கறுத்தது. வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. “ஆளில்லாத ரூம அழிக்கறது அவங்க சட்டம். சரி. ஆள் இருக்கும்போதே அழிச்சாங்களே, அது எந்தச் சட்டம்பா?” என்று அண்ணே கேட்டார்.

ஒரு வருடம் கழித்துத்தான் அந்த அறிவிப்பு வந்தது. ஆட்டத்தை முதலில் உருவாக்கியவர்கள் அதை மீண்டும் கொண்டுவர விரும்புகிறார்கள், உரிமை வைத்திருக்கும் கம்பெனியும் சம்மதித்துவிட்டது, ஆனால் செலவை ரசிகர்கள் திரட்டித் தர வேண்டும். குறித்த நாளுக்குள் இலக்கு எட்டாவிட்டால் அவரவர் பணம் அவரவருக்குத் திரும்பிவிடும். பணம் போடுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும்.

குழு இரண்டாக உடைந்தது. நாம் கொடுக்காமல் யார் கொடுப்பது என்று கத்தியவர்களில் நான் முதல் ஆள். அண்ணே எதிர்த்தார். “குடியிருந்தவன வெளிய தள்ளிட்டு, திரும்ப வரணும்னா நீயே வீடு கட்டிக் குடு, பத்திரம் மட்டும் என் பேர்ல இருக்கட்டும்னு ஒருத்தன் சொன்னா, கட்டிக் குடுப்பீங்களா? நாளைக்கு மறுபடி மூடினா யார கேப்பீங்க?” என்று எழுதினார். நியாயம்தான். இன்று படிக்கும்போது வரிக்கு வரி நியாயமாகத் தெரிகிறது. அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சூளகிரி மலையை நான் இரண்டு முறை போட்டவன். அது எனக்குத் திரும்ப வேண்டும். வேறு எதையும் என் காது கேட்கவில்லை.

ஒரு நாள் காலை, ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில், “நான் கட்டிட்டேன். பேசறவங்க பேசட்டும்” என்று குழுவில் போட்டேன். கைபேசியைப் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். இரண்டரைக்கு வெளியே வந்து பார்த்தால், அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் நம் செல்வி காலையிலேயே கேட்டிருந்தாள்: “லிஸ்ட்ல உங்க பேரக் காணமே அண்ணா?” நான் கட்டவில்லை. சம்பளம் வரட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவன், வாய்ச்சவடாலுக்காகக் கட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டேன்.

என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசித்தபடி பட்டியலைத் திறந்தேன். கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது: முருகேசன், ஓசூர்.

ஓசூரில் கல்லெறிந்தால் ஒரு முருகேசன் மேல்தான் விழும். யாரோ ஒரு புண்ணியவான் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அந்த வரியைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, “கண்ணாடி போட்டுப் பாரும்மா செல்வி” என்றேன். அதன் கீழேயே அடுத்ததை எழுதினேன்: “குணா அண்ணே, உங்க பேரத் தேடிப் பாத்தேன், கிடைக்கல. கஞ்சத்தனம்னா கஞ்சத்தனம்னே சொல்லிட்டுப் போங்க. அதுக்கு எதுக்குக் கொள்கை, நியாயம்னு பெரிய பேரு?”

நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். சிலர் சிரிக்கும் முகங்களைப் போட்டீர்கள். அவர் ஒரு பதில்தான் எழுதினார். “சரிப்பா முருகேசு. நல்லது.”

அதன்பிறகு அவர் குழுவில் எதுவும் எழுதவில்லை. ரோஷம் என்று நினைத்தேன். காலில் ஒரு புண், சர்க்கரை அதிகம், ஆறவில்லை, விடுப்பில் இருக்கிறார் என்று மஞ்சு சொன்னான். இரும்பு வைத்த ஷூவோடு எட்டு மணி நேரம் நிற்கும் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஞாயிறு போகலாம் என்று இருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மல்லிகா அண்ணி அண்ணனின் கைபேசியை எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க. நேத்து இவரு கணக்குல ஏதோ காசு வந்திருக்குது. உங்க பேரு போட்டிருக்குது. நீங்க இவருக்குக் குடுத்ததா? இல்ல நான் உங்களுக்குத் திருப்பித் தரணுமா?”

வாங்கிப் பார்த்தேன். இலக்கு எட்டவில்லை, ஆட்டம் வராது, செலுத்திய தொகை திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது என்று இருந்தது. பெயர் என்ற இடத்தில் முருகேசன், ஓசூர் என்று இருந்தது. பணம் கட்டிய நாள், நான் பொய் சொன்ன அதே நாள். நேரம், செல்வி கேட்டதற்குக் கால் மணி நேரம் கழித்து.

“உங்க காசுதான் அண்ணி. வச்சுக்கங்க” என்றேன்.

“அப்ப எதுக்கு உங்க பேரு? அந்தக் கம்பெனிக்கு ஒரு பைசா குடுக்கக் கூடாதுன்னு வீட்டுல கத்திட்டே கெடந்த மனுசன் தம்பி அவரு.” சற்று யோசித்துவிட்டு அவரே சொன்னார். “ஒரு நாள் காலைல தோசைய பாதியில வச்சுட்டு எழுந்து போனாரு. என்னான்னு கேட்டேன். ஒருத்தன் எடம் காலியா இருக்குது மல்லி, எல்லாரும் பாக்கறதுக்குள்ள ஆள் போட்டுட்டு வந்துடறேன்னாரு.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கணவனை இழந்தவர் என்னைத் தேற்றினார். எதற்கு அழுகிறேன் என்று அவருக்குச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போதுதான், உங்களுக்காவது எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நண்பர்களே, ஆயுத பூஜை அன்று அறையைக் காலியாக விட்டவன் நான். பட்டியலில் இருந்த முருகேசன் நான் அல்ல. தான் சரியில்லை என்று நினைத்த காரியத்துக்குத் தன் காசைக் கட்டி என் மானத்தைக் காப்பாற்றியவரை, அந்தக் காசைக் காட்டியே கஞ்சன் என்றேன். அவர் நினைத்திருந்தால் ஒரு வரியில் என்னை முடித்திருக்கலாம். நல்லது என்று எழுதினார். எனக்கு அவர் மேல் கோபம்கூட வருகிறது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், சண்டை முற்றி நேரில் போயிருப்பேன், முகத்தைப் பார்த்திருப்பேன்.

இனி அந்த ஆட்டம் வராது. அஞ்செட்டி வளைவுகள் வராது. என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கற்றுக்கொடுத்த இரண்டு சொற்கள் மட்டும்தான். தினமும் இரண்டரை மணிக்குப் பெட்டியைத் திறந்து கைபேசியை எடுத்ததும் பழக்கத்தில் என் விரல் குழுவைத் திறந்து “ஆள் உண்டு” என்று எழுதிவிடுகிறது. அனுப்பாமல் அழித்துவிடுகிறேன். இந்தக் குழுவில் நான் ஏற்கெனவே ஒரு பொய் எழுதியிருக்கிறேன். அதை மெய்யாக்க அன்று ஓர் ஆள் இருந்தார்.