ஐந்தாம் லைனில் ஜெராட்

போன கிழமை ஒரு சின்னப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சவர்க்காரப் பெட்டி அளவுதான் இருக்கும், ஆனால் அதற்குள் ஒரு முழு யூனிக்ஸ் இருக்கிறது. திரை இல்லை, விசைப்பலகை இல்லை. பழைய மாதிரி ஒரு சீரியல் வயரைச் செருகி, மடிக்கணினியில் ஒரு கறுப்புச் சாளரத்தைத் திறந்து என்டரைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை தட்டினேன். வெள்ளை எழுத்தில் ‘லொகின்’ என்று வந்தது. பக்கத்தில் ஒரு சிறு கட்டம் விட்டு விட்டு எரிந்தது. உடனே எனக்குக் கராம்பு மணத்தது.

நான் சிரிக்காத ஆள், மணங்களை நம்பாத ஆள் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அறையில் கராம்பு இல்லை, தேடியும் பார்த்தேன். ஆனாலும் அந்தக் கட்டம் எரிந்து எரிந்து அணைகிற தாளத்தில் நான் முன்பு வேலை செய்த கொட்டாஞ்சேனைச் சரக்குக் கிட்டங்கி முழுவதும் திரும்பி வந்துவிட்டது. கராம்பு, கறுவா, ஈரச் சாக்கு, எலி, அவற்றுக்கெல்லாம் மேலே சூடாகிய கணினித் தூசியின் மணம்.

சண்டைக் காலம். நான் படிப்பை முடித்துவிட்டு வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து இருந்தேன். கரையோர ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு. வாசனைச் சரக்குகளை வாங்கிக் கப்பலில் அனுப்பும் ஒரு கம்பனியின் கந்தோரில் கணினி வேலை. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது வாய்க்குள் ஒரு பட்டியல் சொல்லிக்கொள்வேன்: அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கந்தோர் அட்டை, சீசன் டிக்கெட், லேஞ்சி. முகம் துடைக்கும் லேஞ்சியை மறந்தால் பரவாயில்லை. மற்றவற்றில் ஒன்றை மறந்தால் அன்றைய நாள் எங்கே முடியும் என்று சொல்ல முடியாது.

கம்பனிக்கு இருந்தது ஒரே ஒரு கணினி. குளிரூட்டிய அறையில் அது இருக்கும். மற்ற மேசைகளில் இருந்தவை வெறும் திரையும் விசைகளும்தான். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் சுவரோடு ஓடி அந்த அறைக்கு வரும். அந்த வயரைத்தான் நாங்கள் லைன் என்போம். கணினிக்குள் ஒரு கோப்பு இருந்தது. அதில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வரி: லைனின் பெயர், அதன் முனையில் காத்திருக்கவேண்டிய நிரல், எவ்வளவு வேகம், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா. காத்திருக்கும் அந்த நிரலுக்கு ஒரே வேலைதான், வருகிறவரை யார் என்று கேட்பது. ஒருவர் வேலை முடித்து வெளியேறியதும் கணினி அங்கே இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தும். அதுவும் அதே கேள்வியைக் கேட்கும். ரயில் நிலையத்திலும் பாலத்தடியிலும் நின்று அட்டை கேட்கிற ஆமிப் பெடியன்களைவிட இது பொறுமையானது.

அந்தக் கோப்பை எழுதுவது என் பொறுப்பு. எனக்குப் பிடித்த வேலை. நெருக்கமாக, நேராக, ஒன்றின் கீழ் ஒன்றாக வரிகள். என் அலுமாரியும் அப்படித்தான் இருக்கும் என்று அறையில் கூட இருந்தவள் பழித்துக் காட்டுவாள்.

ஐந்தாம் லைன் முற்றத்துக்கு அப்பால் கிட்டங்கியில் இருந்தது. அது ஜெராட்டின் லைன். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர், எந்த மூட்டை எந்தக் கப்பலுக்கு என்று பதிகிறவர். அப்போது மின்வெட்டு வேறு. கந்தோருக்கு ஜெனரேட்டர் இருந்தது, கிட்டங்கிக்கு இல்லை. கரண்ட் போனதும் ஜெராட்டின் திரை அணையும். ஆள் போய்விட்டார் என்று கணினி எடுத்துக்கொண்டு, அவர் பாதியில் வைத்திருந்த பதிவை அழித்துவிடும். முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்கும்.

“மிஸ், உங்க மிஷின் திரும்பவும் என்னைத் தின்னுட்டுது.”

ஆகவே ஐந்தாம் லைனின் அமைப்பை மாற்றினேன். திரை அணைந்தாலும் கணக்கில் எடுக்காதே, ஆள் இருக்கிறார் என்றே வைத்துக்கொள். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து அவர் தொடரலாம். ஜெராட் எனக்கு மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்று வாங்கித் தந்தார். பாதியை அவரே சாப்பிட்டார்.

டெலிபோன் சுனேத்ராவிடம் இருந்தது. கந்தோரில் எல்லோருக்கும் அவர் அக்கா மாதிரி. யாராவது ஜெராட்டைக் கேட்டால் முற்றத்தைக் கடந்து போய்ப் பார்க்கவேண்டும், மழை என்றால் சேலை நனையும். நான் அவருக்கு ஒரு சின்னக் கட்டளை சொல்லிக் கொடுத்திருந்தேன். அதை அடித்தால் எந்த லைனில் யார், அவர் கடைசியாக விசையைத் தொட்டு எவ்வளவு நேரம் என்று ஒரு பட்டியல் வரும். சுனேத்ரா எழும்பாமலே “ஜெராட் மல்லி இன்னவா” என்பார் சிங்களத்தில், ஜெராட் தம்பி இருக்கிறார் என்று. கொஞ்ச நாளில் மானேஜர் உட்பட எல்லோரும் அப்படியே பழகிவிட்டார்கள். பக்கத்து மேசையில் இருக்கிறவரைக்கூடத் திரையில்தான் தேடினார்கள்.

ஒருநாள் காலை ஜெராட் பதிவொன்றைப் பாதியில் விட்டுவிட்டு, கேற்றுக்கு முன்னால் இருந்த கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார். அடையாள அட்டை மேசை லாச்சியில் கிடந்தது. இதற்காக நான் அவரை எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன்.

“கேற்றுக்கும் கடைக்கும் நடுவுல என்ன மிஸ், நாட்டு எல்லையா?” என்பார்.

அன்று ஆமியும் பொலிஸும் சேர்ந்து சுற்றிவளைப்பு. கடையில் இருந்த ஆண்களை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் பின்னேரம் திரும்பி வந்தார்கள். ஜெராட் வரவில்லை.

அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பொலிஸ் பொலிஸாக அலைந்தார். கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை, அதற்கும் அப்பால். அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்பதே எல்லா இடத்திலும் பதில். கடைசியில் விவரம் தெரிந்த யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்: அட்டை இல்லாமல் பிடிபட்டவரைப் பற்றி வேலை செய்யும் இடத்தில் விசாரிப்பார்கள், கந்தோர் ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்கள். ஸ்டெல்லா அக்கா மேசை மேசையாக வந்தார், தமிழில், சிங்களத்தில்.

“அவங்க ஒருநாள் கோல் எடுப்பாங்க மிஸ். எடுத்தா உடன ஓம்னு சொல்லணும். யோசிக்கக்கூடாது. யோசிச்சா சந்தேகப்படுவாங்க.”

சுனேத்ரா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். டெலிபோன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் எல்லோரும் விசைகளிலிருந்து கையை எடுப்போம்.

ஜெராட்டின் பெயர் சுனேத்ராவின் திரைப் பட்டியலில் இன்னும் இருந்தது. சொல்ல மறந்துவிட்டேன். கடைக்குப் போகும்போது அவர் வெளியேறவில்லை அல்லவா? சாயந்தரம் கிட்டங்கிக்காரர் திரையை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டார். ஆனால் என் அமைப்பின்படி கணினிக்கு அவர் இன்னும் அங்கேதான் இருந்தார். ஐந்தாம் லைன், ஜெராட், விசையைத் தொட்டு இவ்வளவு நேரம். முதலில் மணிகளாக இருந்தது. பிறகு நாட்களாயிற்று. காலையில் நான் வந்து பார்க்கும்போது எல்லோருக்கும் முன்னால் அவர் வந்திருப்பார். நான் போகும்போதும் இருப்பார்.

“அந்த லைனைத் துப்புரவாக்குங்கள்” என்று மானேஜர் சொன்னார். ஒரு கட்டளை போதும். அதை அடித்தும்விட்டேன், என்டர் மட்டும் மிச்சம். அப்போது ஸ்டெல்லா அக்கா வந்து நின்றார்.

“அவர் பேரு இன்னும் உள்ள இருக்கா?”

“இருக்கு அக்கா.”

“அப்ப இருக்கட்டுமே மிஸ். உங்களுக்கு அது இடைஞ்சலா?”

அடித்ததை எழுத்து எழுத்தாக அழித்தேன்.

பிறகு மழை தொடங்கியது. இரண்டு நாள் விடாமல் பெய்து, கிட்டங்கிச் சுவர்கள் ஊறி, சாக்கெல்லாம் புளித்த மணம். மூன்றாம் நாள் முற்பகல் நான் குளிரறையில் இருந்தேன். வெளியே டெலிபோன் அடித்தது. சுனேத்ரா எடுப்பதும், வழக்கம்போல விசையைத் தட்டுவதும் கேட்டது. பிறகு அவருடைய குரல், ஒருநாளும் கேட்டிராத உயரத்தில்:

“ஒவ், ஒவ், இன்னவா. தென் தமய் ஆவே.”

ஓம், இருக்கிறார், இப்போதுதான் வந்தார்.

வெளியே வந்தேன். சுனேத்ரா அழுதுகொண்டே சிரித்தார். திரையைக் காட்டினார். ஐந்தாம் லைன், ஜெராட். நாட்களாக ஏறிக்கொண்டிருந்த அந்த எண் பூச்சியமாக இருந்தது. அந்த நிமிடத்தில் யாரோ விசையைத் தொட்டிருக்கிறார்.

சுனேத்ரா குடையைக்கூட எடுக்காமல் முற்றத்தில் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். கிட்டங்கிக்குள் பகலிலும் இருட்டு. மூட்டைகள், கூரையில் மழைச் சத்தம். ஜெராட்டின் நாற்காலி மேசைக்குள் தள்ளியபடியே இருந்தது. திரை கறுப்பாக இருந்தது. பிளக் தரையில் கிடந்தது. அதன்மேல் தூசி.

“யார் தட்டினது, மிஸ்?” சுனேத்ரா மெதுவாகத் தமிழில் கேட்டார்.

நான் விளக்கினேன். வயர் நீளமானது, ஊறிய சுவரோடு ஓடுகிறது, பக்கத்தில் வேறு லைன்கள். மழையில், இடியில், ஒன்றில் போவது மற்றதில் கசியும். மறுமுனையில் திரை இல்லாதபோது இன்னும் கூடுதலாகக் கசியும். கணினிக்கு அது யாரோ விசையைத் தொட்ட மாதிரி. விளக்கம் சரியானது, இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த நாற்காலியின் பக்கத்தில் நின்று சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

“கோலில் யார்?” என்று கேட்டேன்.

சுனேத்ரா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவருடைய முகத்திலிருந்து மழைத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பெயர் சொல்லாத ஓர் ஆண். ஜெராட் என்று ஒருவர் அங்கே வேலை செய்கிறாரா, இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். யோசிக்காமல் சொல்லவேண்டும் என்று ஸ்டெல்லா அக்கா சொல்லியிருந்தாரே. யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

திருப்பி எடுக்க இலக்கம் இல்லை. மானேஜர் தெரிந்த இடத்துக்கெல்லாம் எடுத்துப் பார்த்தார். மறுநாள் ஸ்டெல்லா அக்கா கொச்சிக்கடைக் கோயிலிலிருந்து நேரே வந்தபோது சுனேத்ராவே போய்ச் சொன்னார். நாங்கள் எல்லோரும் வேலை செய்வதுபோலக் குனிந்துகொண்டோம்.

ஸ்டெல்லா அக்கா சுனேத்ராவின் கையைப் பிடித்தார். பிறகு, “நீங்க ஓம்னுதானே சொன்னீங்க” என்றார். “நான்தானே அப்பிடிச் சொல்லச் சொன்னது.”

மானேஜர் நல்ல மனிதர். அந்தக் கிழமையிலிருந்து ஸ்டெல்லா அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு பொலிஸ் பொலிஸாகத் தானும் அலைந்தார். நான்தான் அந்தக் கம்பனி மானேஜர், உள்ளே இருப்பவர்களை எனக்குக் காட்டுங்கள், முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்பதே அவர் கேட்டது. பல இடங்களில் துரத்தினார்கள். கடைசியில் ஓரிடத்தில் காட்டினார்கள். முகத்தைப் பார்த்தார். இவர்தான் என்றார்.

ஜெராட் கந்தோருக்கு வந்த அன்று வெயில். சட்டை வேறொருவருடையதைப் போலத் தொங்கியது. சிரிப்பு மட்டும் பழையது. என் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னார்.

“விடப்போறோம்னுதான் சொல்லியிருந்தாங்க மிஸ். பொறகு ஒரு பொலிஸ் ஐயா கோல் எடுத்துக் கேட்டுட்டு வந்தாரு. ஜெராட் கந்தோர்ல இருக்கானாம், இப்பதான் வந்தானாம், அப்ப நீ யாருன்னாரு. நான்தான் ஜெராட்ங்கிறேன். அடிக்கிறாங்க. திரும்பவும் நான்தான்ங்கிறேன். கொஞ்ச நாள் போக எனக்கே டவுட்டு. அங்க என் கதிரையில இருக்கிறவன் யாருன்னு யோசிச்சுக்கிட்டே கெடந்தேன். வேலையாவது ஒழுங்கா செய்யுறானோ என்னவோன்னு.”

யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு அவரும் நிறுத்தினார்.

பிறகு எழுந்து கிட்டங்கிக்குப் போனார். நானும் சுனேத்ராவும் பின்னால் போனோம். பிளக்கைச் செருகி, திரை சூடாகும்வரை காத்திருந்து, முன்பு திரையில் இருந்ததைத் திரும்ப வரவழைக்கும் விசையை அமத்தினார். அன்று காலை அவர் விட்டுவிட்டுப் போன பதிவு அப்படியே எழும்பியது. கராம்பு, மூட்டை, கப்பலின் பெயர் பாதி. அந்தப் பாதிக்குப் பின்னால் இன்னும் சில எழுத்துகள் இருந்தன, ஒரு சொல்லுமாகாத எழுத்துகள்.

“இது நான் அடிச்சது இல்ல” என்றார் ஜெராட்.

நான் ஊறிக் காய்ந்த சுவரையும் அதில் ஓடிய வயரையும் பார்த்தேன்.

அவர் பதிவைச் சேமிக்கவில்லை. வெளியேறினார். திரை வெறுமையாகி, அந்த நிரல் வந்து நின்று யார் என்று கேட்டது. கட்டம் எரிந்து எரிந்து அணைந்தது. ஜெராட் விசைகளின் மேல் கையை வைத்தார், எடுத்தார்.

“இந்த லைன மூடிடுங்க மிஸ்.”

குளிரறைக்குப் போய் ஐந்தாம் வரியில் ‘திறந்த’ என்பதை ‘மூடிய’ என்று மாற்றினேன். அவர் அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. ஸ்டெல்லா அக்காவும் அவரும் நாட்டை விட்டுப் போனதாகக் கேள்வி. சுனேத்ரா பென்ஷன் எடுக்கும்வரை, யார் யாரைக் கேட்டாலும் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, குடையை விரித்து, முற்றத்தைக் கடந்து, கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னார்.

அந்த முற்றம் இல்லை இப்போது. கிட்டங்கியை இடித்து மாடிவீடுகள் கட்டிவிட்டார்கள். போன வருடம் அந்த வழியால் போனபோது இறங்கி நின்று பார்த்தேன், கராம்பு மணம் ஒரு துளியும் இல்லை. தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. காலையில் நான் சொல்லும் பட்டியலும் சுருங்கிவிட்டது: போன், வீட்டுத் திறப்பு. லேஞ்சிகூட இல்லை.

வயரின் முனையில் நின்று கேட்கும் அந்த நிரல் மட்டும் அதே பெயரில், அதே மாதிரி ஒரு வரியில் இந்தச் சின்னப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது. அதற்குக் கீழே நான் வழக்கமாக எழுதும் வரியையும் எழுதினேன்: விசையைத் தொடாமல் கொஞ்ச நேரம் போனால் ஆள் இல்லை என்று எடுத்துக்கொள், வெளியேற்று. நான் அமைக்கிற எல்லா இயந்திரத்திலும் அது இருக்கும். கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்கு என்னோடு இருக்கிற ஒரே கோபம் அதுதான். நேற்றும் ஒருத்தி மறுபடி ‘லொகின்’ என்று நின்ற திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“என்னக்கா இது, தேத்தண்ணி குடிக்கத்தானே போனனான்.”