முகத்துக்கு வெளிச்சம்

வாசலில் நின்றபடியே விளக்கை ஒருமுறை அணைத்து மறுபடி போடுகிறாள் குழல்வாய்மொழி. கட்டிலில் இருக்கும் மாமனார் பரமேஸ்வரன் திரும்பிப் பார்த்த பிறகுதான் அவர் முன்னால் போய் நிற்கிறாள். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் பதறிப்போவார். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது; இரண்டு வருடமாக மறதியும் சேர்ந்துகொண்டது.

குழல்வாய்மொழிக்கு வாய் ஓயாது. கை சைகை செய்யும்போதே வாயும் பேசிக்கொண்டிருக்கும். "கேக்காதுன்னு தெரியும். அதுக்காக வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டா இருக்க முடியும்?" என்பாள். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபோது அவளுக்கு ஒரு சைகையும் தெரியாது. மாமியாருக்கும் காது கேட்காது. அவரோடு சண்டை போடுவதற்காகவே கற்றுக்கொண்டதாகச் சொல்கிறாள். "தோக்கப்போறோம்னு தெரிஞ்சா அத்தை கண்ண மூடிக்கிடுவாவ. அதோட சண்டை முடிஞ்சிது." அந்த அத்தை இப்போது இல்லை. கணவன் முத்துகுமரனுக்குக் கொல்லத்தில் வேலை.

சாயங்காலம் கரண்டு போனால் டார்ச்சை அவர் பக்கம் அடிக்கமாட்டாள். தன் முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழும்படி அலமாரியில் சாய்த்து வைப்பாள். 'நீ யார்?' என்று அவர் கை தினமும் கேட்கிறது. மருமகள் என்று இவள் கை சொல்கிறது. சைகைகளும் ஒவ்வொன்றாக அவரிடமிருந்து உதிர்ந்து வருகின்றன. அவளுடைய பயமெல்லாம் அதுதான்.

"ஆள மறந்தா மறந்துட்டுப் போறாரு. கைய மறந்துறக் கூடாது. அப்புறம் பசிக்குதுன்னு யார்ட்ட எப்படிச் சொல்லுவாரு?"

போன வருடம் காய்ச்சலில் படுத்தபோது, டிரிப்ஸைப் பிடுங்குகிறார் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவிட்டாள். டீ வாங்கப் போய்த் திரும்பிய குழல்வாய்மொழி அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அவரு வாயையில்லா கட்டிப் போட்டிருக்க" என்றாள். ஊசியை இடது கைக்கு மாற்றச் சொல்லி, வலது கையைத் தானே அவிழ்த்துவிட்டாள்.

சாரல் விழுந்துவிட்டால் மாமனாருக்குக் குற்றாலம் போயாக வேண்டும். அருவியில் ஆண்கள் குளிக்கும் பக்கம் அவள் போக முடியாது. ஆட்டோக்காரர் பெலிக்ஸ் அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போவார். அவள் வெளியே, அவர் கண்ணில் படும் இடமாகப் பார்த்து நின்றுகொள்வாள். அருவி இரைச்சலில் ஊரே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும். இவர்கள் இருவரும் சாவகாசமாகப் பேசிக்கொள்வார்கள்.

இந்த ஆடியில் ஒரு காலை திடீரென்று தண்ணீர் கூடியது. போலீஸ் விசில் அடித்ததும் கூட்டம் வெளியேறியது. அருவிக்கடியில் கண்ணை மூடி நின்றவரைப் பெலிக்ஸ் பிடித்து இழுத்தார். அவர் மிரண்டு, அருகிலிருந்த கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார். இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. குழல்வாய்மொழி சிவப்புத் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினாள், அவர் கண் திறந்து தன் பக்கம் திரும்பும்வரை. ஆபத்து என்று சொல்லவில்லை. ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

அவர் வலது கை கம்பியை விட்டது. விரல்கள் குவிந்து வாய்க்குப் போயின. பிறகு, என்ன சாப்பாடு என்று விரிந்தன.

வெடவெடவென்று நடுங்கியபடி வெளியே வந்தார்.

"மொதல்ல தலையத் துவட்டு தாயி, சளி புடிச்சிரும்" என்றார் பெலிக்ஸ்.

"இருங்க அண்ணாச்சி, அவரு என்னமோ சொல்ல வாராரு" என்று சொல்லிவிட்டு, விறைத்துப்போன அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துவட்டத் தொடங்கினாள்.