வலென்சாவில் நாலு துவாய்

என் மச்சாள் தவநாயகியை ஏழு வாரமாக நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

மச்சாள் என்றால் என் அண்ணன் பாலேந்திராவின் மனைவி. அண்ணன் இருபத்துநாலு வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவர். வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஸ்ட்ரோக். வலது கையும் காலும் போயின. முப்பத்தைந்து வருடம் பேசிய ஆங்கிலம் அடியோடு போனது. மிஞ்சியது தமிழ், அதிலும் தனித்தனிச் சொற்கள். தண்ணி. யன்னல். வலி. நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்கு விளங்கும், திருப்பிச் சொல்லத்தான் வராது. விளங்கும் என்பதைப் பாதிப் பேர் மறந்துவிட்டு அவர் தலைக்கு மேலாலேயே அவரைப் பற்றிப் பேசுவார்கள். நானும்தான் பேசியிருக்கிறேன்.

அவர் "துவாய்" என்பார். வந்திருக்கும் நர்ஸ் மச்சாளின் முகத்தைப் பார்ப்பாள். மச்சாள் "ஹீ வோண்ட்ஸ் எ டவல்" என்பார். நர்ஸ் துவாயை எடுத்து மச்சாளிடம் கொடுப்பாள். இப்படித்தான் இரண்டு வருடம் ஓடியது.

சும்மா சொல்லக்கூடாது, மச்சாள் ஒரு காலத்தில் பொல்லாத வாய்க்காரி. பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை செய்தவர். கோயிலில் மரக்கறி வெட்டும் பெண்களுக்கு நடுவில் இருந்து ஒரு கதை எடுத்துவிட்டாரென்றால், ஐயர் பூசையைப் பாதியில் விட்டு எட்டிப் பார்ப்பார். அண்ணன் பஸ்ஸை வழி மாறி ஓட்டி ஒரு முட்டுச் சந்துக்குள் கொண்டுபோய் விட்ட கதையை அண்ணனை வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிக்கவைப்பார். அந்த மனுசி 'ம்', 'பரவாயில்லை', 'செய்யலாம்' என்ற மூன்று சொல்லுக்குள் அடங்கிவிட்டார். அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்து சொற்கள் போயின. மச்சாளுக்கு ஒன்றும் வராமலே போய்விட்டன.

வீட்டுக்கு உதவிக்கு ஆட்கள் நாளைக்கு நாலு தரம் வந்து போவார்கள். மற்ற நேரமெல்லாம் மச்சாள்தான். கடந்த தை மாதம் குளியலறையில் அண்ணனைத் தூக்கப் போய் இரண்டு பேரும் விழுந்துவிட்டார்கள். அடுத்த ஆள் வரும்வரை இரண்டு மணித்தியாலம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கவுன்சிலில் இருந்து ஒரு பெண் வந்து, இனி வீட்டில் வைத்துப் பார்ப்பது சரிவராது, ஒரு பராமரிப்பு ஹோமில் விடுவதுதான் நல்லது என்றாள். குசினியில், அதுதான் சமையலறையில், வைத்துத்தான் பேச்சு. நானும் இருந்தேன். மச்சாள் பேனையை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "டீ போடட்டோ?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

என் அண்ணனைக் கொடுத்துவிட்டு டீ போடுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று தொடங்கியதுதான் திட்டு.

ஆனால் ஹரோவில் எனக்கு மூன்று அறை வீடு இருக்கிறது. கணவர் போனபின் நான் ஒருத்திதான். இரண்டு அறையில் கட்டில் விரித்தபடி கிடக்கிறது. அண்ணனை என்னோடு விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மச்சாளும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் ஏழு வாரமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். யோக்கியதை என்றேனே, அது இவ்வளவுதான்.

ஹோமில் அறை கிடைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் கப்பலில் போய்வாருங்கள் என்று அண்ணனின் மகள் தர்மிகா மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாள். சவுத்தாம்ப்டனில் ஏறி ஸ்பெயின் பக்கம் போய்த் திரும்புகிற கப்பல். நான் உதவிக்கு. திரும்பி வந்த திங்கட்கிழமை அண்ணன் ஹோமுக்குப் போகவேண்டும். அதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. "அப்பா கப்பல்ல ஹாப்பியா இருக்கட்டும் மாமி, வந்து சொல்லலாம்" என்றாள் தர்மிகா. வந்து யார் சொல்வது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஹோம்காரர் ஒரு பட்டியல் தந்திருந்தார்கள். துவாய் நாலு, கைக்குட்டை ஒரு டசின், இப்படி. ஒவ்வொன்றிலும் ஆளின் பெயர் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சலவையில் மாறிவிடுமாம். கப்பல் விகோ என்ற ஊரில் நிற்கும்போது, அங்கிருந்து பஸ்ஸில் எல்லை தாண்டிப் போர்த்துக்கலில் வலென்சா என்ற ஊருக்குக் கடை பார்க்கக் கூட்டிப்போவார்கள், துவாய்க்கு அந்த ஊர் பேர்போனது, நிற்க நிற்கப் பெயரும் தைத்துத் தருவார்கள் என்று தர்மிகாதான் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். ஈலிங்கில் இல்லாத துவாயா என்று கேட்டேன்.

"அம்மா மூன்று தரம் அந்த லிஸ்ட்டோட கடைக்குப் போனவ, மாமி. மூன்று தரமும் ஒண்டும் வாங்காமல் வந்திட்டா" என்றாள்.

இரண்டு நாள் கடலில் போனோம். மச்சாள் கண்ணாடி யன்னல் ஓரமாக இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "கடல் வடிவா இருக்கு, என்ன மச்சாள்?" என்றால் "ம்." சாப்பாட்டு மேசையில் வைத்ததைச் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று வெளியே வந்து கேட்டால் சொல்லத் தெரியாது. அண்ணனுக்கு மீனில் முள் எடுத்து ஊட்டும்போது மட்டும் கை பிசகவில்லை.

விகோவில் காலையில் பஸ் ஏறினோம். பெரிய ஆற்றுக்கு மேல் ஒரு பாலம். அதன் நடுவில் ஸ்பெயின் முடிந்து போர்த்துக்கல் தொடங்கியது. ஒருவரும் பாஸ்போட் கேட்கவில்லை. மூன்று பேரின் பாஸ்போட்டையும் மடியில் அடுக்கிவைத்திருந்த மச்சாள், பஸ் நின்று எல்லோரும் இறங்கத் தொடங்கிய பிறகுதான் அவற்றைப் பைக்குள் போட்டார்.

பழைய கோட்டை மதிலுக்குள் ஒடுங்கிய கல் தெருக்கள். இரண்டு பக்கமும் கடைகள். துவாயும் மேசை விரிப்பும் படுக்கை விரிப்பும் வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கப்பலில் வந்த வெள்ளைக்காரிகள் கை கொள்ளாமல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மச்சாள் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. பெயர் தைக்கும் இயந்திரம் தெரிந்த முதல் கடைக்குள் அண்ணனின் சக்கர நாற்காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

கடைக்காரிக்கு அறுபது வயது இருக்கும். சட்டையில் இசபெல் என்று பெயர் குத்தியிருந்தது. அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் "வெரி நைஸ்", "குட் பிரைஸ்", அவ்வளவுதான். மச்சாள் கைப்பையில் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் அடுக்கியிருந்ததில் இடது கையை வைத்து, "துவாய்" என்றார்.

மச்சாள் தலை நிமிராமலே "ஹீ வோண்ட்ஸ்" என்று தொடங்கினார். முடிக்கத் தேவைப்படவில்லை.

"துவால்யா?" என்றாள் இசபெல். மச்சாளை அவள் பார்க்கவே இல்லை. அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டாள். நீலத் துவாய் ஒன்றை உதறி அவர் மடியில் விரித்தாள்.

பதினைந்து வருடமாக நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் துவாய், கதிரை, அலுமாரி என்று எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டி, இது போர்த்துக்கேயன் விட்டுவிட்டுப் போன சொல், நல்ல தமிழில் எழுது என்பேன். அந்தச் சொற்களில் ஒன்றை அதன் சொந்தக்காரரின் கடையிலேயே என் அண்ணன் எடுத்து வைத்துவிட்டார்.

அண்ணனே திகைத்துத்தான் போனார். பிறகு மெல்ல, சோதித்துப் பார்ப்பவர் போல, "லேஞ்சி" என்றார். எங்கள் பக்கத்தில் கைக்குட்டைக்கு அதுதான் பெயர்.

"லென்சு!" இசபெல் லாச்சியை இழுத்துக் கைக்குட்டைகளை அள்ளி வைத்தாள். அண்ணன் தன் காலணியைக் காட்டி, "சப்பாத்து" என்றார். "சப்பாத்து!" என்று அவளும் அப்படியே சொல்லிக் கைதட்டினாள். அண்ணன் பாதி முகத்தால் சிரித்தார். மேசை என்றார், அவள் மேசையைத் தட்டினாள். ஆங்கிலம் போன நாளிலிருந்து அவர் வாயிலிருந்து நேரே ஒரு வெளி ஆளின் காதுக்குப் போன சொற்கள் இவைதான். நடுவில் மச்சாள் இல்லை.

மச்சாள் பட்டியலைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அப்போது அண்ணன், "கதிரை" என்றார்.

"கதைரா?" இசபெல் அவர் இருந்த சக்கர நாற்காலியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கவில்லை. அண்ணன் இடது கையைத் தூக்கி மச்சாளைக் காட்டினார். "கதிரை" என்றார் திரும்பவும், கொஞ்சம் அதட்டலாக.

அவள் பின்னுக்கு ஓடிப்போய் ஒரு மரக்கதிரையைக் கொண்டுவந்து மச்சாளுக்குப் பின்னால் வைத்தாள். மச்சாள் யாருக்கு என்று திரும்பிப் பார்த்தார்.

"உமக்கு" என்றார் அண்ணன். "இரும்."

மச்சாள் இருந்தார். இருந்த பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார். அந்த முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் எழும்பவில்லை.

பெயர் என்ன என்று இசபெல் சைகையால் கேட்டாள். மச்சாள் ஒரு தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அண்ணனின் பெயரை எழுதிக் கொடுத்தார். இயந்திரம் கடகடவென்று ஓடியது. முதல் துவாய் முடிந்ததும் அவள் அதை அண்ணனின் மடியில் போட்டாள். அவர் விரலால் எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். இரண்டாவது வந்தது. மூன்றாவது. நாலாவது வந்ததும் நாலையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"உம்மட?" என்றார்.

மச்சாள் பட்டியலை மடித்தார்.

"உம்மட பேர்?"

"எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

"அண்ணை, அது வந்து, கப்பலிலை குளிக்கேக்கை…" என்று ஏதோ ஒரு பொய்யைத் தொடங்கினேன்.

"பொறும் ரூபினி" என்றார் மச்சாள். பிறகு அண்ணனைப் பார்த்து, ஏற்ற இறக்கம் இல்லாமல், சொல்லவேண்டியதைச் சொன்னார். "திங்கக்கிழமை உங்களை ஹோமிலை விடப்போறன். அதுக்குத்தான் இந்தத் துவாய். இனி என்னாலை ஏலாது. சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய் விடவும் ஏலாது."

அண்ணனுக்குக் கோபம் வந்தால் நாற்காலிக் கையில் அடிப்பார். அதற்காகக் காத்திருந்தேன். அவர் அடிக்கவில்லை.

"தெரியும்" என்றார். விரலால் தன் காதைத் தொட்டார். "குசினி."

அடுத்த அறையில் படுத்திருந்தவருக்கு அன்று எல்லாமே கேட்டிருக்கிறது. மச்சாள் டீ போடட்டோ என்று கேட்டதும் கேட்டிருக்கும். நான் வாயே திறக்காததும் கேட்டிருக்கும்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல முயன்றார். உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. வழக்கமாக இந்த இடத்தில் மச்சாள்தான் சொல்லை எடுத்துக் கொடுப்பார். இன்றைக்குக் கொடுக்கவில்லை. கதிரையில் இருந்தபடி காத்திருந்தார். இசபெல் இயந்திரத்தை நிறுத்திவிட்டாள்.

"உம்மை…" என்றார் அண்ணன். "இப்பிடி… பாக்க… எனக்கும் ஏலாது."

மச்சாள் அழவில்லை. அழுதது நான்தான். அதுவும் விலைக்கு வைத்திருந்த ஒரு மேசை விரிப்புக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன். பிறகு அதை நானே வாங்கவேண்டியதாகிவிட்டது. அண்ணை, என்ரை வீட்டை வாங்கோ என்று ஒரு வசனம் எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வரவில்லை. வார்த்தை வராத நோய் எனக்கு இல்லை, வாய் நன்றாகத்தான் இருந்தது.

"எனக்கு அழுகை கூட வரேல்லை" என்றார் மச்சாள் அண்ணனிடம். "ஒண்டும் தெரியேல்லை உள்ளுக்கை. கோவிக்காதேங்கோ."

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார். நாலு துவாயில் ஒன்றை எடுத்து மச்சாளின் மடியில் வைத்தார். அண்ணனின் பெயர் தைத்த துவாய். மச்சாள் அதை விரித்துப் பார்த்தார். திரும்ப மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பட்டியலில் நாலு என்றிருந்ததே என்று நான் நினைத்தேன். மச்சாள் இன்னொன்று வாங்கவில்லை.

பஸ் புறப்படும் நேரம் நெருங்கியது. வாசலில் மச்சாள் வண்டியின் பிடியை என் பக்கம் திருப்பினார்.

"நீர் தள்ளும், ரூபினி. நான் பக்கத்திலை வாறன்."

பின்னால் இருந்து தள்ளினால் அண்ணனுக்கு மச்சாளின் முகம் தெரியாது. அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு மச்சாள் பக்கத்தில் நடந்தார். அண்ணன் தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். தெரு மேடாக இருந்தது. சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் முட்டி நின்றது. உன்னித் தள்ளினால் அடுத்த கல்லில் நின்றது. பத்து அடி போகமுதலே எனக்குத் தோள் இறங்கி மூச்சு வாங்கியது.

"ஏலுமோ, ரூபினி?" என்று மச்சாள் கேட்டார்.

இரண்டு வருடத்தில் நான் ஒரு தரமும் அவரிடம் கேட்காத கேள்வி அது.