ஈரத் துண்டும் லிட்டருக்குப் பன்னிரண்டும்

என் மனைவிக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். வண்டி ஓட்டும் பரீட்சையில் முதல் தடவை அவள் தோற்றதற்குக் காரணம், பரீட்சை வைக்க வந்தவர் “கிளம்புங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்ததுதான். இரண்டாம் தடவை தேறினாள். அன்றிலிருந்து பதினோரு வருடமாக எங்கள் சலவை நிலையத்தின் வெள்ளை வேன் அவள் கையில்தான் இருக்கிறது. எங்கள் என்றதும் சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். முதலாளியம்மா ஒருவர் இருக்கிறார், நாங்கள் இருவரும் அவரிடம் சம்பளத்துக்கு இருக்கிறோம். அவள் ஊரெல்லாம் சுற்றி வெளுத்த துணியைக் கொடுத்து அழுக்குத் துணியை எடுத்து வருவாள். நான் உள்ளே தராசடியில் நின்று மூட்டைகளை எடை போட்டுச் சீட்டு எழுதுவேன். காலையில் ஒன்றாக வீட்டைப் பூட்டி, ஒரே வாசலில் நுழைந்து, அதற்குப் பிறகு சாயங்காலம் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத தம்பதி நாங்கள்.

வேலையிடத்தில் அவளுக்குச் சூறாவளி என்று பெயர். பச்சை விளக்கு விழுந்தால் பாய்வாள். சிவப்பு விளக்கைத் தூரத்தில் கண்டால் இன்னும் வேகமாகப் பாய்ந்து, அதன் காலடியில் போய் பிரேக்கை மிதிப்பாள். துணி இறக்கும் நேரத்தில் வண்டியை அணைக்கவும் மாட்டாள். “அணைச்சு அணைச்சுப் போட்டா நேரம் போகுதுங்க” என்பாள். அந்த நேரத்தை மிச்சம் பிடித்து என்ன செய்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று, அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் அவள் முகத்தில் வரும் களை, எங்கள் கல்யாணப் படத்தில்கூட இல்லை.

ஒரு திங்கட்கிழமை முதலாளியம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நல்ல மனுஷி, சுற்றி வளைக்கத் தெரியாது.

“மத்த ரெண்டு வண்டியும் லிட்டருக்குப் பதிமூணு கிலோமீட்டர் ஓடுது. உங்க வண்டி ஒம்பது. இந்த மாசக் கடைசி வாரம் டாங்கை ரொப்பிப் பாப்போம். பன்னெண்டு வந்தா வண்டி இருக்கட்டும். வரலைன்னா வித்துடலாம்னு இருக்கேன். நீங்க வரவேற்பு மேசைக்கு வந்துடுங்க. சம்பளத்துல ஒரு குறையும் வராது.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. வரவேற்பு மேசை என் தராசிலிருந்து நாலே எட்டு. தலையைத் திருப்பினால் அவள் இருப்பாள். பதினோரு வருடம் கழித்து, பகலில் என் மனைவியைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு சந்தோஷம். அவளோ வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, நான் ஒரு இடத்துல உக்காந்து பாத்திருக்கீங்களா?”

“சாப்பிடும்போதே நின்னுக்கிட்டுத்தானே சாப்பிடுவே.”

“அப்போ நான் செத்தேன்” என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. நான் என் சந்தோஷத்தை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

அவள் தம்பி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை வந்து வேனைத் திறந்தான். காற்றுவடிகட்டியை வெளியே எடுத்துத் தட்டினான். ஒரு கைப்பிடி மண் கொட்டியது.

“அக்கா, இது ஃபில்டரா, தலையணையா? வண்டி மூச்சு விட வேணாமா?”

டயரில் இருக்கவேண்டிய காற்றில் பாதிதான் இருந்தது. பின் சக்கரத்தில் பிரேக் விட்டும் விடாமல் உரசிக்கொண்டிருந்தது. பின்பக்கக் கதவைத் திறந்ததும் அவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டான். கால் ஒடிந்த இஸ்திரி மேசை ஒன்று, இரும்புக் குழாய்கள், சாக்கு நிறையக் கம்பி ஹேங்கர், யாரோ தூக்கிப் போடச் சொன்ன தையல் மிஷின்.

“வண்டி ஓட்டுறியா, குடித்தனம் நடத்துறியா?”

“என்னிக்காவது ஆகும்டா.”

“ஆகும், ஆகும். டீசலுக்குத்தான் ஆகும்.”

ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை போட்டு, ஒவ்வொன்றாக இறக்கினோம். எங்கள் கட்டிலை ஒரே ஒரு தடவை ஏற்றிப் போவதற்காகக் கூரையில் மாட்டிய இரும்புச் சட்டமும் கழன்றது. அது காற்றோடு மல்லுக்கட்டி வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்ததாம். அந்த வாரம் டாங்கை நிரப்பிக் கணக்குப் போட்டால் லிட்டருக்குப் பத்து.

“வண்டியச் சரி பண்ணிட்டேன். இனிமே ஓட்டுற ஆளைத்தான் சரி பண்ணணும்” என்று சொல்லிவிட்டு என் மைத்துனன் வேனுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். அக்காவை அறிந்தவன்.

அவள் அடிக்கவில்லை. “சொல்லுடா” என்றாள்.

“தூரத்துலயே செவப்பு தெரியுதில்ல? அப்புறம் எதுக்கு மிதிக்கிறே? எரிச்ச டீசலத்தான் நீ பிரேக் போட்டு வீணாக்குறே. காலை எடுத்துடு. வண்டி தானா உருண்டு போகட்டும். நீ போய்ச் சேர்றதுக்கும் பச்சை விழுறதுக்கும் சரியா இருக்கணும்.”

நிதானத்தை யார் சொல்லிக் கொடுத்தாலும் அவளுக்கு ஏறாது. ஆனால் போட்டி என்றால் ஏறும். சலவை நிலையத்திலிருந்து பெரிய ஓட்டல் வரைக்கும் எத்தனை பிரேக் என்று எண்ண ஆரம்பித்தாள். முதல் நாள் முப்பத்தொன்று. மூன்றாம் நாள் பதினெட்டு. அடுத்த வாரம் ஒன்பது. வீட்டுக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றாமல் “ஒம்பது!” என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் முன்னால் போகிறவனை ஹாரன் அடித்தே விரட்டியவளுக்கு இப்போது பின்னாலிருந்து ஹாரன் விழுந்தது. “போய்யா, போய்ச் செவப்புல நில்லு, நான் ஆடி அசைஞ்சு வந்து உன்னப் பிடிக்கிறேன்” என்பாளாம், பிடித்தும் விடுவாளாம். துணி இறக்கும் இடங்களில் வண்டியை அணைக்கவும் பழகிவிட்டாள். அந்த அமைதியில் தெருவில் குருவி கத்துவது கேட்கிறது என்று என்னிடம் அதிசயமாகச் சொன்னாள்.

இவ்வளவும் செய்து லிட்டருக்குப் பதினொன்று. அதோடு நின்றுவிட்டது. தலைகீழாக நின்றும் அதற்கு மேல் நகரவில்லை. கடைசி வாரத்துக்கு நான்கு நாள் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவள் சீட்டுகளை என்னிடம் கொடுக்கும்போது புலம்பினாள். “காலையில முத நிறுத்தத்துலேர்ந்தே வண்டி முனகுதுங்க. வயசாயிடுச்சு போல.”

அவள் போன பிறகு எடை போட உட்கார்ந்தேன். முதல் நிறுத்தம் நீச்சல் குளம். எங்களுக்கு அடுத்த தெருதான். பக்கத்தில்தானே இருக்கிறது, போகிற போக்கில் எடுத்துவிடலாம் என்று காலை ஏழு மணிக்கே அங்கே துண்டுகளை ஏற்றிக்கொள்வாள். பிறகுதான் ஊர் சுற்றுவாள். அந்த மூட்டைகளைத் தராசில் வைத்தேன். முந்நூற்றுப் பத்து கிலோ. பிழியும் இயந்திரத்திலிருந்து வெளியே வரும்போது அதே துண்டுகள் நூற்று நாற்பது. தினமும் பார்க்கிற எண்கள்தான். ‘குளத்துல பாதி நம்மகிட்ட வந்துடுது’ என்று தினமும் நான் அடிக்கிற ஜோக்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன்.

பதினோரு வருடமாக என் மனைவி நூற்று எழுபது கிலோ தண்ணீருக்கு ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மூட்டைகளை அங்கே குளத்து ஆட்கள் தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஏற்றுவார்கள், இங்கே எங்கள் ஆட்கள் இறக்குவார்கள். அவள் கை அதில் பட்டதே இல்லை. எடை தெரிந்த நான் சாலையைப் பார்த்ததில்லை, சாலை தெரிந்த அவள் தராசைப் பார்த்ததில்லை. குளத்தைக் கடைசி நிறுத்தமாக மாற்றினால் போதும்.

ஓடிப் போய் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாலு எட்டுத் தூரத்தில் அந்த மேசை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, இரண்டு எடையும் எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். என் மீதே எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வந்தாள். நான் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. மெல்ல வரவேற்பு மேசைக்குப் பின்னால் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தாள். கைகள் தாமாகவே ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல அகன்று நின்றன. அதை அவளே கவனித்து, கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

“எந்திரி. உன் வண்டியில தண்ணி இருக்கு” என்றேன்.

“டீசல்லயா?” என்று பதறி எழுந்தாள்.

சீட்டை நீட்டினேன். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். “பதினோரு வருஷமா!” என்று போட்ட சத்தத்தில் உள்ளே இஸ்திரி போடுகிறவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் ஈர மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே போய் நீச்சல் குளத்து மேலாளரிடம் பேசினாள். வெளுத்த துண்டுகளை முன்தினம் சாயங்காலமே கொடுத்துவிடுவது, ஈரத் துண்டுகளையும் அப்போதே எடுப்பது. அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கடைசி வாரம் வேன் காலையில் பூனை மாதிரி கிளம்பியது.

சனிக்கிழமை பெட்ரோல் பங்கில் நாங்கள் இருவரும் முதலாளியம்மாவும் நின்றோம். குழாய் தானாக நிற்கும்வரை ஊற்றச் சொன்னார். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் வகுத்தார்.

“பன்னெண்டரை” என்றார். “வண்டிய நீங்களே வெச்சுக்கோங்க. அந்த ரெண்டு டிரைவரையும் உங்ககிட்ட அனுப்புறேன், அவனுங்க எத்தனை பிரேக் போடுறானுங்கன்னு எண்ணுங்க. அந்தப் பதிமூணும் ஏறட்டும்.”

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். என் மனைவி வேனின் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் என்னால் பொய்யோடு நிற்க முடியவில்லை.

“அந்தத் தண்ணி விஷயம் எனக்குப் புதன்கிழமையே தெரியும்” என்றேன். “ஒரு நாள் சொல்லாம வெச்சிருந்தேன். நீ மேசைக்கு வந்துட்டா பகல்ல உன்னப் பாத்துக்கிட்டு இருக்கலாமேன்னு ஒரு ஆசை.”

அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டு வரப் போகிறது என்று தயாராக நின்றேன்.

“இத்தனை வருஷமா இத வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்றது?”

“உங்க எடை என்ன?”

“எண்பத்தெட்டு.”

விரலால் காற்றில் ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவிட்டாள்.

“சாயங்காலம் குளத்துக்குப் போறப்போ நீங்களும் வாங்க. தராசத் தூக்கிட்டு வந்து அங்கேயே எடை போடுங்க, நான் முதலாளியம்மாகிட்ட சொல்லிக்கிறேன். அவங்க கேட்டது பன்னெண்டுதானே? மிச்சம் அரை இருக்கில்ல, அது உங்களுக்கு.”