கடல் வாங்குது

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பாறையில் என் ஏழு வயது மகளை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். கூடையில் சங்கு மாலை விற்கிற பெண் ஒருத்தி கத்திக்கொண்டே வந்தாள். காற்றில் “வாங்கு” என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

“ஒண்ணும் வாங்கல, போம்மா” என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கேமராவில் மகளுக்குப் பின்னால் புதுப்புதுப் பாறைகள் ஈரத்தோடு தெரிந்தன. அழகாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு எடுத்தேன். அலைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அந்தப் பெண் கூடையைப் போட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே ஓடிய நான் திரும்பியபோது பாறையும் இல்லை, கூடையும் இல்லை; எல்லாம் தண்ணீர்.

“கடலு உள்ள வாங்கிகினு கீதுன்னு சொன்னேன். நீ இன்னான்னு நெனச்ச?” என்றாள்.

அந்தப் போட்டோக்களை நான் அழிக்கவில்லை. மகள் சிரிக்கிறாள். பின்னால் கடலே இல்லை.