ஷமீம் ஆபாவும் அப்பாஜான் ஏமாந்த கல்லும்

சென்ற மாதம் ஒரு காலையில், சத்துவாச்சாரி மார்க்கெட்டில் கீரைக்காரம்மாவிடம் கட்டு சிறுத்துப்போய்விட்டதென்று நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் இக்பால், ஷமீம் ஆபாவின் தம்பி. "மேடம், ஆபா மவுத்தாயிட்டாங்க. டீ குடிச்சிட்டு அப்டியே சாஞ்சாங்க, அவ்ளோதான்" என்றார். நான் சண்டையை மறந்து நின்றேன். கீரைக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் இன்னொரு கட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆபாவோடு வேலை பார்த்தவர்களும் எங்கள் தெருக்காரர்களும் இதைப் படிப்பீர்கள். அவர் எவ்வளவு நல்லவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு வம்புக்காரர் என்று சொல்கிறேன்.

நாங்கள் அறிமுகமானதே வம்பில்தான். கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு, அசல் தோல் என்று கடைக்காரர் சத்தியம் செய்த கைப்பை ஒன்றைச் சென்னையில் வாங்கியிருந்தேன். ரேஷன் கடை வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் என்னைக் கேட்காமலேயே கட்டைவிரலால் அந்தப் பையை ஒரு தடவு தடவினார். "மேடம், இது ரெக்சின்" என்றார். வரிசையில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "உங்களை நான் கேட்டேனா?" என்றேன். "கேக்கல. கேட்டிருந்தா வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லிருப்பேன்" என்றார். முப்பத்தைந்து வருடம் ஷூவின் மேல்தோலைத் தடவிப் பார்த்துப் பழுது கண்டுபிடித்த கை அது என்று பிறகுதான் தெரிந்தது. மகளோடு எங்கள் தெருவுக்குக் குடிவந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் அவரே வீட்டுக்கு வந்து, "இன்னா மேடம், இன்னும் பேஜார்லதான் இருக்கீங்களா?" என்று கேட்டு, டீயும் கேட்டார்.

ஆபாவின் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அவருடைய அப்பாஜான் சேர்த்து வைத்த பொருள்கள் அதில் இருந்தன. அவர் ஆம்பூரில் தோலைத் தரம் பிரிக்கும் செலக்டர். ஒரு தோலை வெளிச்சத்தில் விரித்தால் அந்த ஆடு எந்த முள்வேலியில் உரசியது என்பதுவரை சொல்வாராம். வெளியூர்க் கண்காட்சிகளுக்குக் கம்பெனி அவரை அனுப்பியபோதெல்லாம் ஏதாவது கொண்டுவந்திருக்கிறார். வெள்ளைச் சிப்பி, பித்தளைத் திசைகாட்டி, ஒட்டகப் பொம்மை. நடுவில் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு கறுப்புக் கல். அதன் மேல் மூன்று பாத்தியாகப் பிரிந்த உடம்போடு, அடுக்கடுக்கான வளையங்களோடு, பூரான் போலவும் இறால் போலவும் ஒரு பூச்சி. அதன் முன்னால் பள்ளிக்கூடக் கையெழுத்தில் ஒரு அட்டை: "அப்பாஜான் ஏமாந்த கல்."

கண்காட்சியில் மொராக்கோ நாட்டுத் தோல்காரர் ஒருவர் கொடுத்த கல்லாம். பதிலுக்கு அப்பாஜான், தாமே தோல் பொறுக்கித் தைக்கச் சொன்ன தம் முதல் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். வீடே சிரித்தது. தோலில் ஏமாறாத மனுஷன் கல்லில் ஏமாந்துவிட்டார் என்று ஊரும் சிரித்தது. அந்த அட்டையை எழுதியவர் சிறுவயது இக்பால். அப்பாஜானும் சிரித்துக்கொண்டேதான் அதை அலமாரியில் வைத்தார். "ஆனா மேடம், அதுக்கப்புறம் அந்தக் கல்லை அவரு கையில எடுத்து நான் பாக்கல" என்றார் ஆபா. "அவரு ஏமாந்தாரா இல்லையான்னு தெரிஞ்சிக்கணும். எனக்கும் வயசாயிடுச்சி."

டிரைலோபைட் என்று பார்த்ததும் தெரிந்தது. ஐம்பது கோடி வருடத்துக்கு முன்னால் கடலடியில் ஊர்ந்த உயிர். மொராக்கோவில் பிசினையும் கல்தூளையும் குழைத்துப் போலியும் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். லென்ஸை எடுத்துத் தலைப்பகுதியின் கன்னத்தைப் பார்த்தேன். ஊசிமுனை அளவில் காற்றுக் குமிழிகள். கல்லில் அப்படி வராது, குழைத்துப் பூசியதில்தான் வரும். மறு கன்னத்திலும் அதே. "போலி" என்று சொல்லி லென்ஸை மடக்கினேன். மற்ற இடங்களை நான் பார்க்கவே இல்லை. கைப்பைக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்த திருப்தி அதில் கொஞ்சம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆபா தாவணிபோல் தோளில் கிடந்த துப்பட்டாவால் கல்லைத் துடைத்துத் திரும்ப வைத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன். "மேடம், ஒரு சந்தேகம். ரெக்சினுக்கு எவனாவது புட்டி போடுவானா?"

எனக்குப் புரியவில்லை. ஆபா விளக்கினார். தோலில் ஓட்டை, கீறல் இருந்தால் புட்டி என்ற பசையை அடைத்து, தேய்த்து, மேலே சாயம் ஏற்றி நல்ல தோலாக்கிவிடுவார்கள். அடியில் அசல் தோல் இருந்தால்தான் அந்தப் பாடு. "மொத்தமும் பொய்யின்னா அதை ஒரே அச்சுல ஊத்திட்டுப் போய்டுவான். ரெண்டு கன்னத்துல மட்டும் எதுக்கு பூசறான்? நீங்க கன்னத்தைத்தானே பாத்தீங்க, முதுகைப் பாத்தீங்களா?"

முப்பது வருடம் மாணவர்களிடம் "முழு மாதிரியையும் பார்" என்று கத்தியவள் நான். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன்.

முதுகில் ஒரு குமிழி இல்லை. வளையங்களுக்குள் மெல்லிய கல் நரம்பு ஓடி, பூச்சியைத் தாண்டிப் பாறைக்குள்ளும் போயிருந்தது. அதை யாராலும் பூச முடியாது. ஆபா தம்பியிடம் சொல்லி ஆம்பூரிலிருந்து பூச்சைக் கரைக்கும் அசிட்டோன் வரவழைத்தார். அது வந்த அன்று காலை சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, பஞ்சில் நனைத்துக் கன்னத்தில் ஒற்றி ஒற்றி ஊற வைத்தோம். கறுப்புச் சாயம் பஞ்சில் வந்தது. மதியத்துக்குள் இரண்டு பக்கத்துப் புட்டியும் இளகிக் கழன்றுவிட்டது.

"பாவம், ரெண்டு கன்னமும் உடைஞ்ச பூச்சி" என்றேன்.

ஆபா கட்டைவிரல் நகத்தை அந்த விளிம்பில் மெல்ல ஓட்டினார். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். "உடையல மேடம். கிழிஞ்சா ஓரம் பிசிறா இருக்கும். இது தையல் பிரிஞ்சது. பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே கோடு."

ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் நான் வரைந்த கோடு அது. டிரைலோபைட் வளரும்போது தன் மேலோட்டை உரிக்கும். அப்போது தலையில் அந்தக் கோட்டோடு பிரிந்து, கன்னங்கள் கழன்றுவிடும். உடம்பு கலையாமல் கன்னங்கள் மட்டும் அப்படிப் போயிருந்தால் அது பெரும்பாலும் பிணம் அல்ல, உரித்துப்போட்ட சட்டை. கல்லை அவர் பக்கம் திருப்பினேன். "ஆபா, இது செத்ததில்லை. சட்டையை உரிச்சுப் போட்டுட்டு எழுந்து போயிருக்கு."

ஆபா மறுபடி அந்தக் கோட்டில் நகத்தை ஓட்டினார். பிறகு சொன்னார்: "எவ்ளோ தோல் பாத்திருப்பேன். எல்லாம் செத்ததோடது. உசிரோட கழட்டி வெச்சிட்டுப் போன தோலை இப்பதான் மேடம் பாக்கறேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். பிறகு இருவரும் மேசையில் சாய்ந்து சிரித்தோம், மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

உடனே தம்பிக்குப் போன். "இக்பால், அப்பாஜான் ஏமாறல. அசல். கன்னம் மட்டும்தான் பூச்சு."  மாலையில் இக்பால் மக்கன்பேடா இனிப்பு டப்பாவோடு வந்து நின்றார். அறுபது வயது மனிதர், நேரே போய் அலமாரியைத் திறந்து, தாம் எழுதிய அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சின்ன வயசுல எழுதினது ஆபா" என்றார். "தெரியும், பேடாவைப் பிரி" என்றார் ஆபா.

அதற்கடுத்த வாரம் போனபோது கல்லுக்கு முன்னால் புது அட்டை இருந்தது. ஆபாவின் கையெழுத்து: "அப்பாஜான் ஏமாறாத கல். ஏமாந்தவர்: ஜியாலஜி மேடம்." எடுக்கச் சொல்லி எத்தனையோ முறை சண்டை போட்டேன். "சாட்சி வேணும்ல" என்பதே பதில்.

அவரைக் கடைசியாகப் பார்க்கப் போன அன்று கூடம் நிறையப் பெண்கள். ஆம்பூரிலிருந்து கம்பெனித் தோழிகள் வேனில் வந்திருந்தார்கள். அழுது ஓய்ந்த ஒருவர் அலமாரிப் பக்கம் நின்று அட்டையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதான் அந்த மேடமா?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவருக்கும் தொற்றியது. ஆபா படுத்திருந்த வீட்டில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் இருந்திருந்தால் சத்தமாகவே சிரிக்கச் சொல்லியிருப்பார்.

நாற்பது நாள் துக்கம் கழிந்ததும் கல்லை எனக்குத் தருவதாக இக்பால் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். என்னிடம் அந்த ரெக்சின் பை இருக்கிறது. அதற்குள் ஒரு தீப்பெட்டியில் இரண்டு புட்டிக் கன்னங்கள், ஆபா பத்திரப்படுத்திக் கொடுத்தவை. எதையாவது, யாரையாவது போலி என்று சொல்ல வாய் வரும்போது அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். முதுகையும் பார்த்தாயா என்று அவர் குரல் கேட்கிறது.

"அப்போ அட்டையையாவது எடுத்துடட்டுமா மேடம்?" என்று இக்பால் தயங்கிக் கேட்டார். அந்த வீட்டில் ஏமாந்தவர் என்ற இடத்தில் இத்தனை காலம் ஆபாவின் அப்பாஜான் இருந்தார். இப்போது நான் இருக்கிறேன். அட்டை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.