ஒரு விரல் நுழைய இடம்

அறுபதுகளின் தொடக்கத்தில், தை மாதத்து ஒரு பிற்பகலில் நடந்தது இது. என் கணவருக்கு நாமக்கல்லுக்கு மாற்றலாகி, சேலத்திலிருந்து குடிபெயர்ந்து போய்க்கொண்டிருந்தோம். சாமான்கள் எல்லாம் காலையிலேயே லாரியில் போய்விட்டன. நானும் அவரும் எங்கள் நாய் பூந்தியும் பின்னாலேயே காரில் புறப்பட்டோம்.

கார் எங்களுடையது இல்லை. அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்களுக்குக் கார் ஏது? சேலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டாக்ஸி வைத்திருந்தார். நாயைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று நான் புலம்பியதைக் கேட்டு, தாமே டிரைவராக வந்து தம் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அவர் கிறிஸ்தவர். முன் கண்ணாடிக்கு மேலே ஒரு ஜெபமாலை தொங்கும். வண்டி ஓட ஓட அது இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும்.

பூந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமாகிக் குமாரபாளையத்திலிருந்து சேலம் வந்த இரண்டாம் வருடம் எனக்கு முதல் குழந்தை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. கணவருக்கோ வாரத்தில் நான்கு நாள் வெளியூர் வேலை. வாய்விட்டுப் பேச ஆளில்லாத அந்த வீட்டுக்குள் ஒரு மழை நாளில் தானாக நுழைந்த குட்டிதான் பூந்தி. வெள்ளை உடம்பில் பழுப்புப் புள்ளிகள், யாரோ ஒரு கை பூந்தியை அள்ளித் தூவின மாதிரி. நான் மறுபடி சிரிக்க ஆரம்பித்தது அது வந்த பிறகுதான். அதனால் யாராவது 'நாய்தானே' என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இன்றைக்கும் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் தறிக்காரர் வீட்டுப் பெண். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவது ஆறு வயதிலிருந்து என் வேலை. "இவ போட்ட முடிச்ச எமனே வந்தாலும் அவுக்க முடியாதுங்க" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். அது எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. அன்று காலை லாரிக்காரர் கட்டிய கயிற்றைக்கூட அவிழ்த்துவிட்டு நானே திரும்பக் கட்டினேன். அவர் என்னை முறைத்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தார்.

பூந்தியின் கழுத்துப்பட்டையில் கொக்கி தேய்ந்து போயிருந்தது. வழியில் கழன்றுவிட்டால் என்ன செய்வது? பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, புது நூல் கயிறு ஒன்றை எடுத்து அதன் கழுத்திலேயே என் முடிச்சைப் போட்டேன். மறுமுனையை முன் சீட்டின் இரும்புக் காலில் கட்டினேன். அது வேடிக்கை பார்த்துக்கொண்டு வரட்டும் என்று பின்பக்கக் கண்ணாடியை முழுதாக இறக்கியும் விட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த கணவர் திரும்பிப் பார்த்து, "அம்மணி, மடியில புடிச்சுக்கலாமல்ல?" என்றார். நான் கட்டினால் கட்டினதுதான் என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டேன்.

மல்லூர் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் புளியமரங்கள் கைகோத்துக்கொண்டன. வெயில் ஒரு நொடி, நிழல் ஒரு நொடி என்று மாறி மாறி என் மடியில் விழுந்தது. கடலை பிடுங்கி முடிந்த காடுகள் செம்மண்ணாகக் கிடந்தன. ஓரத்தில் ஆவாரம்பூ மஞ்சளாய் ஓடிவந்துகொண்டே இருந்தது. பூந்தி ஜன்னலில் முகவாயை வைத்துக்கொண்டு காற்றைக் குடித்தது. அதன் காது இரண்டும் பின்னால் பறந்தன. ஜெபமாலை ஆடியது. நான்கு நாளாகச் சாமான் கட்டிய அலுப்பு என்னைச் சாய்த்துவிட்டது. எப்போது கண் மூடினேன் என்று எனக்குத் தெரியாது.

கனவில் எங்கள் ஊர்த் தெரு வந்தது. விடியற்காலையில், தறியில் ஏற்றப்போகும் நூலை வரிசையாக இழுத்துப் பாவு நீட்டியிருக்கிறார்கள். வழக்கமாகத் தெரு நீளத்துக்குத்தான் நீட்டுவார்கள். கனவில் அது தெருவையும் தாண்டிக் காவேரிக்கரை வரைக்கும் போய், பனிமூட்டத்துக்குள் மறைந்திருந்தது. நான் இழைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு கூடவே நடக்கிறேன். மனசு அவ்வளவு லேசாக இருக்கிறது. அந்தப் பனிக்குள்ளிருந்து யாரோ ஓர் இழையை மட்டும் இழுக்கிறார்கள். அது வெடுக் வெடுக்கென்று என் விரலில் துடிக்கிறது. பிடித்துக்கொள், பிடித்துக்கொள் என்று ஒரு பெண் குரல் தூரத்தில் கூப்பிடுகிறது. எனக்கென்னவோ அது இனிமையாகத்தான் கேட்டது.

"வண்டிய நிறுத்துங்க! நிறுத்துங்கன்றேன்!"

கண்ணைத் திறந்தேன். பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. கயிறு மட்டும் முன் சீட்டின் காலிலிருந்து விறைப்பாக மேலேறி, ஜன்னலைத் தாண்டி வெளியே போயிருந்தது.

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாலை நிறைய ஆட்டு மந்தை. எல்லாம் பழுப்பு நிற மேச்சேரி ஆடுகள். டிரைவர் வேகத்தைக் குறைத்து, முன்னால் வரும் ஆடுகள் மேலேயே கண்ணாக வண்டியை ஊர்ந்துபோக விட்டிருக்கிறார். ஆடுகளைக் கண்ட பூந்தி ஒரே தாவாகத் தாவியிருக்கிறது. கயிறோ தரை எட்டும் அளவுக்கு நீளமில்லை. ஆடுகளின் சத்தத்தில் முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே என் பூந்தி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

தொங்கியது என்று சொன்னேன். நான் எட்டிப் பார்த்தபோது அதைக் கீழிருந்து ஒருத்தி தாங்கியிருந்தாள். மந்தையை ஓட்டி வந்த பெண்; வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தியவளும் அவள்தான். என் வயதுதான் இருக்கும். தழை அறுக்கும் துறட்டிக் கோலைக் கீழே போட்டுவிட்டு, ஊர்ந்துகொண்டிருந்த காரோடு கூடவே ஓடி, நாயின் உடம்பைத் தோள்மேல் தூக்கிக்கொண்டிருந்தாள். கார் நின்றது. மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கிச் சுற்றி ஓடினேன். பூந்தியின் நாக்கு நீலம் பாரித்து வெளியே கிடந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை.

அவள் தூக்கிப் பிடித்தும் முடிச்சு தளரவில்லை. இழுபட்ட வேகத்தில் இறுகி, ரோமத்துக்குள் புதைந்துவிட்டது. நான் அவிழ்க்கப் பார்த்தேன். நகத்தால் கிள்ளினேன், பல்லால் கடித்தேன். நான் போட்ட முடிச்சு, எனக்கே வழிவிடவில்லை. வாழ்க்கையில் என் கைகளை நான் வெறுத்தது அந்த ஒரு நிமிடம்தான்.

"தள்ளுங்க்கா. நாயி ஒடம்பப் புடிங்க" என்று அதை என் கையில் கொடுத்தாள். டிரைவர் துறட்டியை எடுத்து வந்து கொடுக்க, அதன் அரிவாள் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கயிறு தொண்டையோடு ஒட்டியிருந்தது. அரிவாள் போனால் தொண்டையும் போகும். அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். தன் இடது ஆள்காட்டி விரலை நெம்பி நெம்பிக் கயிற்றுக்கும் தொண்டைக்கும் நடுவில் நுழைத்தாள். அந்த விரலின் மேலேயே அரிவாளை வைத்து அறுத்தாள்.

கயிறு தெறித்தது. பூந்தியின் வெள்ளைக் கழுத்தில் ரத்தம் வழிந்தது. கொன்றுவிட்டேன் என்று அலறினேன். அதன் வயிறு ஒரு தரம் எக்கி, இன்னொரு தரம் எக்கி, பிறகு கரகரவென்று மூச்சு உள்ளே போனது. அப்புறம்தான் பார்த்தேன், ரத்தம் அவள் விரலுடையது.

"அழுவாத சாமி, ஒண்ணுமில்ல" என்றாள் பூந்தியிடம். அடுத்து என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க்கா, நாயக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா, தூக்குல போடறீங்களா?"

அப்பா தறியில் நெய்த துண்டு ஒன்று என் பையில் இருந்தது. அதைக் கிழித்து அவள் விரலில் கட்டப் போனேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதையாச்சும் கொஞ்சம் தளரக் கட்டுங்க்கா" என்றாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். என் கணவரும் சிரித்தார், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மிச்சத் துண்டை அவள் வாங்கிக்கொண்டாள். பூந்தியின் நெஞ்சைச் சுற்றி, முன்னங்கால்களுக்குப் பின்னால் கொண்டுவந்து, முதுகின்மேல் ஒரு சுருக்குப் போட்டாள். நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. திரும்பவும் கட்டிக் காட்டினாள். "குட்டியச் சந்தைக்கு வண்டியில ஏத்தறப்பக் கழுத்துல கட்டவே மாட்டமுங்க. எகிறிக் குதிச்சா முடிஞ்சுதுங்களே." மறுநுனியைச் சீட்டில் கட்டும்போது, ஜன்னலுக்குத் தலை எட்டாத அளவுக்குக் குறுக்கினாள். கண்ணாடியைப் பாதிக்குமேல் ஏற்றச் சொன்னாள். டிரைவர் உடனே ஏற்றினார்.

மந்தை அதற்குள் காரின் இரு பக்கமும் நதி மாதிரி பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. புழுதி மஞ்சள் வெயிலில் எழும்பி நின்றது. "வாரனுங்க்கா" என்று துறட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் புழுதிக்குள் போனாள். பேர் கேட்க வாயெடுப்பதற்குள் துண்டு சுற்றிய விரல் மட்டும் ஒரு தரம் வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. நான் இன்னும் கனவில்தான் இருக்கிறேனோ என்று சந்தேகமாக இருந்தது. பூந்தி என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தது. அதன் மூச்சை எண்ணிக்கொண்டே நான் விழித்திருந்தேன்.

அதன் பிறகு பூந்தி ஒன்பது வருடம் இருந்தது. அந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு மந்தையிலும் அவளைத் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

ஒரு குழந்தையை இழந்தவள் நான். இதையாவது விடக்கூடாது என்றுதான் அவ்வளவு இறுக்கிக் கட்டினேன். அந்த இறுக்கமே அதை என்னிடமிருந்து பறிக்கப் பார்த்தது. அடுத்து எனக்கு ஒரு மகள் பிறந்தாள். அவள் இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டிய நாளிலும், வளர்ந்து வெளியூரில் வேலை பார்க்கப் போகிறேன் என்று பெட்டியோடு வாசலில் நின்ற நாளிலும் எனக்கு அந்த ஆட்டுக்காரப் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது. யாரை, எதை என்னோடு கட்டி வைத்துக்கொள்ள நினைத்தாலும், அவள் ரத்தம் சிந்தி நுழைத்த அந்த விரலுக்கு இடம் விட்டுத்தான் இன்றுவரை கட்டுகிறேன்.